பிநிப்பாம் கோட்டிங் டிஷ்ல ஜனவரில செல் ஷீட் உரிஞ்சு வந்துச்சு, மே மாசம் வரவே மாட்டேங்குது, என்ன காரணம்?

கிண்டி_ஸ்காலர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சென்னைல பயோமெட்டீரியல்ஸ்ல பிஎச்டி பண்ணிட்டு இருக்கேன். சாதாரண பாலிஸ்டைரீன் கல்ச்சர் டிஷ் மேல பிநிப்பாம் பாலிமரை, அதாவது பாலி என் ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடை, மெல்லிசா கிராஃப்ட் பண்ணி (கெமிக்கல் பாண்டால ஒட்டவெச்சு) அது மேல செல் வளர்த்து, வழக்கமா செல்லைப் பிரிக்கப் போடற ட்ரிப்சின் என்சைம் போடாம சூட்டை மட்டும் குறைச்சு மொத்தமா ஷீட்டா உரிச்சு எடுக்கணும், அதான் வேலை. எலக்ட்ரான் பீம் வசதியெல்லாம் எங்ககிட்ட கிடையாது, வெளிச்சம் பட்டா ரியாக்ஷனை ஆரம்பிச்சு வைக்கற பென்சோஃபீனோன் போட்டு யூவி லைட்லதான் கிராஃப்ட் பண்றோம்.

ஜனவரில போட்ட பேட்ச் சூப்பரா வந்துச்சு. இன்குபேட்டர்ல இருந்து எடுத்து ஹூட்ல (கிருமி படாம வேலை பண்ற கேபினட்) வெச்சா அரை மணி நேரத்துல ஓரத்துல இருந்து கழண்டு வர ஆரம்பிச்சுடும். இப்ப கத்திரி வெயில்ல அதே ரெசிப்பி, அதே யூவி டைம், அதே கெமிக்கல், ஒண்ணரை மணி நேரம் வெச்சாலும் செல்லு அசைய மாட்டேங்குது, பொறுமை போய் பைப்பெட்டால மீடியத்தை அடிச்சா பிஞ்சு பிஞ்சு வருது, அப்படி வர்றதுக்கு ட்ரிப்சினே தேவலாம்.

கைடு கோட்டிங் தடிமன் மாறிடுச்சுங்கறார். லேப் சீனியர் மோனோமர் பாட்டில் பழசாயிடுச்சு, புதுசு வாங்குங்கறாங்க. புதுசு வாங்கணும்னா பர்ச்சேஸ்ல ஃபைல் நகரவே ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள எதை முதல்ல செக் பண்றதுன்னு யாராவது சொல்லுங்களேன். செல்லு எல்929, சுண்டெலியோட ஃபைப்ரோபிளாஸ்ட், அதாவது இணைப்புத் திசு செல்.

மேடவாக்கம்_மைக்ரோஸ்கோப்:

ஹூட்ல வெச்சேன்னு சொல்றீங்களே, அங்க எத்தனை டிகிரி? ரூம் டெம்பரேச்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க, நம்பர் வேணும்.

கிண்டி_ஸ்காலர்:

ஏசி 24ல செட் பண்ணிருக்கு. ஆனா ரூம் பெருசு, ஒரு ஏசிதான் ஓடுது, இன்னொண்ணு ரிப்பேர். மதியம் வோல்டேஜ் இறங்கிட்டா அதுவும் வெறும் ஃபேன் மாதிரிதான் ஓடும். டிஷ்ல தெர்மாமீட்டர் வெச்சுப் பார்க்கல.

பழைய_பாலிமர்_ஆள்:

அப்ப பாதி பதில் கிடைச்சாச்சும்மா. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

பிநிப்பாம்ல ஒவ்வொரு யூனிட்லயும் ஒரு அமைடு இருக்கு, ஒரு ஐசோபுரொப்பைல் இருக்கு. அமைடு தண்ணியோட ஹைட்ரஜன் பாண்ட் போட்டு ஒட்டிக்கும். ஐசோபுரொப்பைல் தண்ணிக்கு ஆகாத ஆளு, அதைச் சுத்தி தண்ணி ஒழுங்கா அடுக்கி நிக்க வேண்டியிருக்கும். குளிர்ச்சியா இருக்கறப்ப அப்படி அடுக்கி நிக்கறது தண்ணிக்குக் கட்டுப்படியாகும், சங்கிலி நீண்டு ஊறிப்போய் நிக்கும். சூடு ஏற ஏற அந்த ஒழுங்குக்கு எண்ட்ரோப்பி கணக்குல விலை ஜாஸ்தியாகி, தண்ணி கழண்டு வெளிய போயிடும், சங்கிலி சுருண்டு உருண்டையாயிடும். அந்தத் திருப்பம் சுத்தமான தண்ணில 32 டிகிரி பக்கத்துல. ஹெஸ்கின்ஸும் கில்லெட்டும் 1968லயே இதை எழுதிட்டாங்க. 37ல சுருண்ட பாலிமர் மேல ஃபைப்ரோனெக்டின் மாதிரி புரோட்டீன் படியும், செல்லு உக்காரும். 20ல ஊறிடுச்சுன்னா செல்லுக்குப் பிடிமானம் போயிடும். டோக்கியோல ஒக்கானோ குரூப் 1990ல இதை டிஷ் மேல செஞ்சு காட்டினதுல இருந்துதான் இந்த ஷீட் கதையெல்லாம்.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். இந்த 32ங்கறது வெறும் தண்ணில. உங்க மீடியத்துல உப்பு இருக்கு. பிபிஎஸ்ல (செல் கழுவற உப்புக் கரைசல்) இருக்கற அளவு உப்பே அந்தப் புள்ளியை ரெண்டு டிகிரி கிட்ட கீழ இழுத்துடும். அப்ப திருப்பம் 30 பக்கத்துலன்னு வெச்சுக்கங்க. அடுத்தது, கரைசல்ல இருக்கற பாலிமர்தான் டக்குனு பால் மாதிரி வெளுக்கும், டிஷ் மேல ஒரு நுனி கட்டிப்போட்ட சங்கிலி அப்படி ஒரே டிகிரில மாறாது, நாலஞ்சு டிகிரிக்குப் பரவி மெதுவாத்தான் ஊறும். நல்லா ஊறணும்னா 25க்குக் கீழ போகணும். பேப்பர்ல எழுதற ஜப்பான்காரனுக்கு டிஷ்ஷை மேஜைல வெச்சாலே அது நடந்துடும். நமக்கு ஜனவரில நடக்கும், காலைல வெளியவே 21, 22 இருக்கும். மே மாசம் வெளிய 38, 40. ஏசி திணர்ற ரூம்ல 29, 30 இருந்தா உங்க பாலிமரைப் பொறுத்தவரை அது இன்னும் சூடுதான், பாதி சுருண்டே கெடக்கும்.

இன்னொண்ணு யாரும் கவனிக்க மாட்டாங்க. ஹூட்டுக்குள்ள ப்ளோயர் மோட்டார் ஓடிட்டே இருக்கு, லைட் எரியுது. காலைல இருந்து ஓடற கேபினட்டுக்குள்ள ரூமை விட சூடு ஜாஸ்தியா இருக்கும். சுவத்துல ஏசி காட்டற 24ஐ நம்பி ஒரு பிரயோஜனமும் இல்ல. மெல்லிசு புரோப் இருக்கற தெர்மோகப்புள் ஒண்ணு வாங்கி, செல் இல்லாத டிஷ்ல மீடியம் ஊத்தி, அதே இடத்துல வெச்சு மீடியத்துக்குள்ள முக்கிப் பாருங்க.

கோட்டிங்_கணபதி:

பழைய_பாலிமர்_ஆள் சார் சொல்றதை ஒத்துக்கறேன், ஆனா தடிமனை அவ்ளோ சுலபமா விட்டுடாதீங்க. டெம்பரேச்சர் சரியா இருந்தும் ஷீட் வராத டிஷ் நெறைய பார்த்திருக்கேன்.

பாலிஸ்டைரீன் மேல எலக்ட்ரான் பீம்ல போட்ட கோட்டிங்குக்கு ஒரு கணக்கு தெளிவா இருக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 1.4 மைக்ரோகிராம், அதாவது 15 நானோமீட்டர் சொச்சம் தடிமன் இருந்தா 37ல செல் ஒட்டும், குளிர்ல கழலும். அதையே 2.9 மைக்ரோகிராம், கிட்டத்தட்ட 30 நானோமீட்டர் ஆக்கிட்டா 37லயே செல் ஒட்டாது. டபுள் ஆக்கினாலே ஆட்டம் க்ளோஸ். காரணம், அடில பாலிஸ்டைரீனை ஒட்டி இருக்கற சங்கிலிக்கு அசையவே இடமில்ல, அந்த இறுக்கம் மேல வரைக்கும் தெரிஞ்சாத்தான் மேற்பரப்பு செல்லுக்குப் பிடிக்கற அளவுக்குத் தண்ணி விட்டு வறண்டு நிக்கும். தடிமன் ஏறினா மேல் பகுதி தன் இஷ்டத்துக்கு ஆடும், 37லயும் கொஞ்சம் ஈரமாவே இருக்கும். கண்ணாடி மேல போட்டா இந்த நம்பரெல்லாம் செல்லாது, அங்க இன்னும் மெல்லிசா வேணும்.

யூவில பண்றப்ப லேம்ப் வயசாக ஆக டோஸ் குறையும், டைம் அதே வெச்சா போதாது. ரேடியோமீட்டர் வெச்சு அளந்தீங்களா? அப்புறம் ஆக்ஸிஜன். நைட்ரஜன் சரியா ஓட்டலன்னா கிராஃப்டிங்கை நடத்தற ரேடிக்கலை அது தின்னுடும், கிராஃப்ட் ஆகாது. கோட்டிங் ரொம்பக் கம்மியாப் போயிட்டா அது கிட்டத்தட்ட வெறும் கல்ச்சர் டிஷ்தான், செல் சந்தோஷமா ஒட்டும், 20க்கு இறக்கினாலும் 10க்கு இறக்கினாலும் வராது. உங்க கேஸ் அதுவாவும் இருக்கலாம். அதனால கைடு சொன்னதைத் தள்ளிடாதீங்க.

பழைய_பாலிமர்_ஆள்:

கணபதி, தள்ளச் சொல்லல. தடிமன் பார்க்க எலிப்சோமீட்டருக்கோ ஏடிஆர்-ஐஆருக்கோ ஸ்லாட் வாங்கணும், வேற டிபார்ட்மென்ட்ல போய் நிக்கணும். தெர்மோகப்புள் அஞ்சு நிமிஷ வேலை. எது சீப்போ அதை முதல்ல பண்ணுங்கறேன், அவ்ளோதான். ஜனவரி பேட்ச் டிஷ் ஏதாவது மிச்சம் இருந்தா இன்னும் நல்லது, அதையும் புது டிஷ்ஷையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு 20ல ஓட்டிப் பார்த்தா யார் சொன்னது சரின்னு அன்னிக்கே தெரிஞ்சுடும்.

செல்கல்ச்சர்_அக்கா:

ரெண்டு பேரும் பாலிமரையே பேசிட்டு இருக்கீங்க, செல்லுன்னு ஒண்ணு இருக்கறதை மறந்துட்டீங்க 😀

கிண்டி_ஸ்காலர், ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இதைப் படிச்சுட்டு டிஷ்ஷைத் தூக்கி ஐஸ் மேல வெச்சுடாதீங்க. 4 டிகிரில பாலிமர் நல்லா ஊறும், ஆனா செல்லு வராது, இல்லன்னா ரொம்ப லேட்டா வரும். கழல்றதுல ரெண்டு கட்டம் இருக்கு. முதல்ல பாலிமர் ஊறி பிடி தளர்றது, அது சும்மா நடக்கும். அதுக்கப்புறம் பரந்து படுத்திருக்கற செல்லு தன் சைட்டோஸ்கெலட்டனை (செல்லுக்குள்ள இருக்கற எலும்புக்கூடு மாதிரி) இழுத்து உருண்டையாகி எழுந்திரிக்கணும், அதுக்கு ஏடிபி, அதாவது செல்லோட எரிபொருள், செலவாகும். சோடியம் அசைடு போட்டு ஏடிபியை நிறுத்தினா செல் கழல்றது அடங்கிடுதுன்னு ஒக்கானோ குரூப்பே பார்த்திருக்காங்க. ரொம்பக் குளிர வெச்சா செல்லுக்கே தெம்பு இருக்காது. அதனாலதான் எல்லாரும் 20 பக்கத்துல நிக்கறாங்க.

எப்படிச் செய்யறதுன்னா, 37ல இருக்கற மீடியத்தை உறிஞ்சிட்டு 20ல வெச்சிருந்த மீடியத்தை ஊத்துங்க, அப்பதான் குளிர்ச்சி உடனே செல்லுக்குப் போகும். பழைய மீடியத்தோடவே வெளிய வெச்சா அது ஆறவே நேரமாகும். அப்புறம் கூலிங் இன்குபேட்டர் இருந்தா 20ல அரை மணி நேரம். இல்லன்னா தெர்மோகோல் பெட்டி, உள்ள தண்ணில முங்கின அலுமினியம் பிளாக், ஜெல் பேக் ஒண்ணு, தெர்மாமீட்டர் ஒண்ணு. ஜெல் பேக் டிஷ்ஷைத் தொடக் கூடாது, தொட்டா அந்த இடம் மட்டும் சில்லுனு ஆகி ஷீட் ஒரு பக்கமா பிஞ்சுடும்.

வெளிய ரொம்ப நேரம் வெச்சா மீடியம் ஆரஞ்சு சிவப்புல இருந்து ரோஸாகி ஊதாவுக்குப் போகும், பார்த்திருப்பீங்க. கார்பன் டை ஆக்சைடு போய் பிஎச் ஏறுதுன்னு அர்த்தம். ஒண்ணரை மணி நேரம் அப்படி வெச்ச செல்லு எப்படி ஒழுங்கா கழலும்? குளிர வைக்கற மீடியத்துல பிஎச் ஏறாம பிடிச்சு வைக்கற ஹெப்பெஸ் பஃபர் போட்டுக்கங்க.

அடுத்தது எல்929. சைட்டோடாக்ஸிசிட்டி டெஸ்ட்டுக்கு (செல்லுக்கு விஷமான்னு பார்க்கறது) அது நல்ல செல்லு, ஐஎஸ்ஓ 10993 பாகம் 5ன்னு எல்லாரும் அதைத்தான் போடுவாங்க. ஆனா ஷீட்டுக்கு அது சரியான ஆள் இல்ல, பக்கத்து செல்லோட கைகோத்து நிக்கற குணம் அதுக்குக் கம்மி. கெரட்டினோசைட் மாதிரி எபிதீலியல் செல்லு போட்டு, இடம் நிரம்பினப்புறமும் சில நாள் விட்டுட்டு எடுங்க, செல்லு தன் அடில தானே போடற மேட்ரிக்ஸ் நல்லா படியட்டும். அப்ப ஓரம் லேசா வெள்ளையாத் தூக்கும், காய்ச்சின பால் ஆறறப்ப மேல ஆடை சுருங்குமே, அப்படியே சுருங்கிக்கிட்டு உள்நோக்கி வரும். அந்த நேரத்துல கை வெச்சுடாதீங்க. முழுசா சுருங்கிட்டா விரிக்கறது கஷ்டம், அதனால கழல்றதுக்கு முன்னாடியே மேல பிவிடிஎஃப் பிளாஸ்டிக் மெம்பரேனை வளையம் மாதிரி வெட்டி வெச்சு, அதோட சேர்த்துத் தூக்கணும்.

பைப்பெட்டால அடிக்கறதை இன்னியோட விட்டுடுங்க ப்ளீஸ்.

வேளச்சேரி_வேடிக்கை:

நான் இந்த ஃபீல்டு இல்ல, மெக்கானிக்கல். சும்மா படிச்சுட்டு இருந்தேன், ஒரு டவுட். ட்ரிப்சின் போட்டா அஞ்சு நிமிஷத்துல செல்லு வந்துடும்னா இவ்ளோ கஷ்டப்பட்டு ஏன் ஷீட்டா எடுக்கணும்? நிஜமாவே மனுஷங்களுக்கு யூஸ் ஆகுதா இல்ல பேப்பர் போடறதுக்கா?

செல்கல்ச்சர்_அக்கா:

நல்ல கேள்வி. ட்ரிப்சின் புரோட்டீனை வெட்டற என்சைம். செல்லுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவுல இருக்கறதையும் வெட்டும், செல்லு மேற்பரப்புல இருக்கற புரோட்டீனையும் வெட்டும், பக்கத்து செல்லோட இருக்கற இணைப்பும் போயிடும். தனித்தனி செல்லா கிடைக்கும். அதை ஊசில ஏத்தி திசுக்குள்ள போட்டா நெறைய அங்க தங்காமலே போயிடும். டெம்பரேச்சர்ல எடுத்தா செல்லு தன் அடில தானே போட்ட மேட்ரிக்ஸோட வருது, அதுவே பசை, வெச்ச இடத்துல ஒட்டிக்கும்.

மனுஷங்களுக்கு யூஸ் ஆச்சு. 2004ல ஜப்பான்ல நிஷிடாவும் மத்தவங்களும் ரெண்டு கண்லயும் கார்னியா ஸ்டெம் செல் போன நாலு பேருக்கு, அவங்கவங்க வாய்க்குள்ள இருந்து மூணுக்கு மூணு மில்லிமீட்டர் திசு எடுத்து, இந்த மாதிரி டிஷ்ல ரெண்டு வாரம் வளர்த்து, 20 டிகிரில அரை மணி நேரம் வெச்சு ஷீட்டா எடுத்து கண்ல வெச்சாங்க. தையல் கிடையாது. ஒரு வாரத்துக்குள்ள நாலு பேருக்கும் மேல் தோல் மூடிடுச்சு, பார்வையும் நல்லா முன்னேறுச்சு. நம்ம ஊர்லயும் இதுக்குப் பக்கத்துல வேலை நடந்திருக்கு. 2006ல சங்கர நேத்ராலயால மெபியால் ஜெல்லுக்குள்ள லிம்பல் (கருவிழி ஓரத்துல இருக்கற) ஸ்டெம் செல் வளர்த்து எழுதினாங்க. அது கோட்டிங் இல்ல, ஜெல். ஆனா உள்ள இருக்கறது இதே நிப்பாம், பாலிஎதிலீன் கிளைக்காலோட சேர்த்தது. குளிர்ல தண்ணியா ஓடும், 37ல கெட்டியாகும், செல்லை எடுக்கணும்னா திரும்பக் குளிர வெச்சா போதும்.

பழைய_பாலிமர்_ஆள்:

எல்லாமே ஜெயிச்சிடலைங்கறதையும் சொல்லணும். இதய தசைக்குத் தொடை தசைல இருந்து எடுத்த செல் ஷீட்டுக்கு ஜப்பான் 2015ல நிபந்தனையோட அனுமதி கொடுத்துச்சு, 2024ல பலன் நிரூபணமாகலன்னு நிபுணர் குழு முழு அனுமதி வேணாம்னுடுச்சு. என்னைக் கேட்டா கண்ணுக்கு ஷீட் பொருந்தும், அங்க வேணுங்கறதே ஒரு மெல்லிசான மூடிதான். இதயத்துக்கு நாலு ஷீட் அடுக்கினாலும் உள்ள ரத்தக் குழாய் போகலன்னா என்ன பண்ணும்?

வேளச்சேரி_வேடிக்கை:

சூப்பர், தேங்க்ஸ் அக்கா. அப்ப இதையே கதீட்டர் மேல பூசிட்டா பாக்டீரியா ஒட்டாம பண்ணலாமே?

கோட்டிங்_கணபதி:

எல்லாரும் கேக்கற கேள்விதான் இது. குளிர வெச்சா பாக்டீரியா படலமும் கழலும்னு 1999லயே காட்டிட்டாங்க, ஆனா உடம்புக்குள்ள எப்பவும் 37. அந்த சூட்டுல பிநிப்பாம் சுருண்டு, ஒட்டற நிலைலயே கெடக்கும். ஸ்விட்ச் இருந்து என்ன பண்றது, போட்டு நிறுத்த ஆள் இல்லையே. குளிர்ந்த சலைன் ஊத்திக் கழுவற இடமா இருந்தா யோசிக்கலாம். காயத்துக்குப் போடற டிரெஸ்ஸிங் அதை விட நல்ல யோசனை, ஒட்டி இருக்கறதைக் குளிர்ந்த தண்ணி பட்டதும் வலி இல்லாம எடுக்கலாம். ஆனா தோல் மேல சூடு 32, 34தான் இருக்கும். திருப்பமும் அங்கயே இருந்தா டிரெஸ்ஸிங் எப்ப கழலும்னு அதுக்கே தெரியாது. பியூட்டைல் மெத்தாக்ரிலேட் மாதிரி தண்ணிக்கு ஆகாதது கொஞ்சம் சேர்த்தா திருப்பம் கீழ இறங்கும், அக்ரிலிக் ஆசிட் மாதிரி தண்ணி பிடிக்கறது சேர்த்தா மேல ஏறும். எந்த இடத்துக்கு எந்த நம்பர் வேணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

கிண்டி_ஸ்காலர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பக்கத்து லேப்ல தெர்மோகப்புள் கடன் வாங்கி அளந்து பார்த்தேன். மத்தியானம் ரூம் நடுவுல 28, ஹூட்டுக்குள்ள டிஷ் மீடியத்துல 31. இன்குபேட்டர்ல இருந்து எடுத்த டிஷ் 31லயே போய் நின்னுடுது, அதுக்குக் கீழ இறங்கவே இல்ல.

ஜனவரி டிஷ் ரெண்டு மிச்சம் இருந்துச்சு. பிசிஆர் ரூம்ல ஏசி நல்லா இருக்கும், அங்க தெர்மோகோல் பெட்டி வெச்சு 20, 21ல பழசு புதுசு ரெண்டையும் வெச்சேன், அக்கா சொன்ன மாதிரி குளிர்ந்த மீடியம் மாத்தி. ஜனவரி டிஷ் அரை மணி நேரத்துக்குள்ள கிட்டத்தட்ட முழுசா வந்துடுச்சு. மே டிஷ்ல ஓரம் எல்லாம் வந்துச்சு, நடுவுல ஒரு ரூபா காசு அளவுக்கு வரவே இல்ல, எல்லா டிஷ்லயும் அதே நடு இடம். இது டெம்பரேச்சர் இல்லதானே?

கோட்டிங்_கணபதி:

சொன்னேன் பாத்தீங்களா 😀 எல்லா டிஷ்லயும் நடுவுலன்னா லேம்ப்தான், இல்லன்னா கரைசல் ஓரத்துக்கு ஏறி நடுவுல மெல்லிசாயிடுது. பிளாஸ்டிக் டிஷ்ல திரவம் சுவரோரமா வளைஞ்சு ஏறும்ல, அங்க மோனோமர் ஜாஸ்தி, நடுவுல கம்மி. கரைசலைக் கூட ஊத்திப் பாருங்க, இல்ல மேல ஒரு குவார்ட்ஸ் தட்டை வெச்சு அமுக்கிட்டு யூவி காட்டுங்க, ஆக்ஸிஜனும் உள்ள போகாது. லேம்ப்பை அளக்கறப்ப நடுவுல ஒரு ரீடிங், ஓரத்துல ஒரு ரீடிங் எடுங்க.

பழைய_பாலிமர்_ஆள்:

சரி கணபதி, உனக்கும் ஒரு மார்க் 😀

மோனோமர் விஷயமும் சொல்லிடறேன், புது பாட்டில் வாங்க வேணாம். இருக்கறதை ஹெக்ஸேன்ல ரீகிரிஸ்டலைஸ் பண்ணிக்கங்க, தானா பாலிமராகாம இருக்கப் போட்ட இன்ஹிபிட்டர் போயிடும், ஃப்ரிட்ஜ்ல இருட்டுல வைங்க. கையுறை இல்லாம தொடாதீங்க, பாலிமர் சாது, மோனோமர் அப்படி இல்ல, அக்ரிலமைடு குடும்பம். சந்தேகமா இருந்தா கொஞ்சம் தனியா பாலிமர் பண்ணி, ஒரு சதவீதம் மீடியத்துலயே கரைச்சு, டெஸ்ட் ட்யூபை பீக்கர் தண்ணில வெச்சு மெதுவா சூடு பண்ணுங்க. எந்த டிகிரில பால் மாதிரி வெளுக்குதோ அதுதான் உங்க மீடியத்துல திருப்பம். ஏசிக்காரனை விட அதை நம்பலாம்.

கிண்டி_ஸ்காலர்:

ஓகே சார், இந்த வாரம் பண்றேன். கடைசியா ஒண்ணு, டிஷ்ஷை ஸ்டெரைல் பண்ண இப்ப 70 சதவீத எத்தனால் ஊத்தி யூவில வைக்கறோம். அதனால கோட்டிங் போகுமா?

செல்கல்ச்சர்_அக்கா:

ஒழுங்கா கிராஃப்ட் ஆனது போகாது. சும்மா மேல படிஞ்சு கெடக்கற பாலிமர்தான் எத்தனால்ல கரைஞ்சு போகும், அது போறது நல்லதுதான், இல்லன்னா குளிர வெக்கறப்ப செல்லோட சேர்ந்து வரும். ஆனா ஒரே ஒரு தடவை ஊத்திட்டு விட்டா கரைஞ்சது டிஷ்லயே காய்ஞ்சு திரும்பப் படியும். அதனால முதல்ல எத்தனால் ரெண்டு மூணு தடவை, அப்புறம் ஸ்டெரைல் தண்ணி, அதுவும் குளிர்ந்த தண்ணி. வெதுவெதுன்னு இருக்கற தண்ணில கழுவினா பாலிமர் கரையாது, மே மாசம் அந்த ஸ்டெரைல் தண்ணியே சூடா இருந்தா ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுக் கழுவுங்க. ஆட்டோகிளேவ் வேணாம், பாலிஸ்டைரீனே வளைஞ்சுடும். எத்திலீன் ஆக்சைடு வசதி இருந்தா அது பெஸ்ட், வாயு போக நல்லா ஆற விடணும்.